துபாய்க்கு டூர் போறீங்களா? முதல்ல உங்க பிள்ளையோட லீவைக் கேளுங்க

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

பெருமுக்கல்லேர்ந்து பேசுறேன்.

நம்ம பக்கம் ‘துபாய்’னு சொன்னா அது ஒரு ஊர்ப் பேர் மட்டும் இல்லை. ‘பையன் துபாய்ல இருக்கான்’னா வேலைக்குப் போயிருக்கான்னு அர்த்தம். மரக்காணம் ரோடு, திண்டிவனம், அந்தப் பக்கம் விழுப்புரம் வரைக்கும் எந்தத் தெருவுல கேட்டாலும் வளைகுடாவுல ஒருத்தர் இருப்பார். ஆனா கொஞ்ச வருஷமா இன்னொரு அர்த்தமும் சேர்ந்திருக்கு. ‘துபாய் டூர்’. நாலு ராத்திரி, அஞ்சு பகல், விசா, ஓட்டல், பாலைவன சவாரி எல்லாம் சேர்த்து ஒரே தொகைன்னு விளம்பரம் வருது. அறுபது வயசு அப்பா அம்மாவே கிளம்புறாங்க. நல்ல விஷயம்தான். ‘எப்படிப் போகணும், எப்பப் போகணும், என்ன பார்க்கணும்’னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இந்த எபிசோடு அதுக்குத்தான்.

ஒரே வரியில சொல்லணும்னா, அங்கே உங்க வீட்டு ஆள் ஒருத்தர் வேலை செய்யறார்னா, பயணத் தேதியை டிராவல்ஸ்காரர் முடிவு செய்யக் கூடாது, அவரோட லீவுதான் முடிவு செய்யணும். ஏன்னு சொல்றேன்.

ஏன் எல்லாரும் அங்கே போறாங்க?

துபாய்ல எண்ணெய் கண்டுபிடிச்சது 1966-ல. ஆனா பக்கத்துல இருக்கிற அபுதாபி அளவுக்கு அங்கே எண்ணெய் கிடையாது. அதனால துறைமுகம், விமானம், வியாபாரம், சுற்றுலான்னு வேற வழியைப் பிடிச்சாங்க. 1996-ல ஷாப்பிங் திருவிழா தொடங்கினாங்க. 2009-ல மெட்ரோ. 2010 ஜனவரி 4-ஆம் தேதி 828 மீட்டர் உயரத்துல புர்ஜ் கலீஃபா. அப்புறம் எக்ஸ்போ 2020. கொரோனாவால தள்ளிப் போய் 2021 அக்டோபர்லேர்ந்து 2022 மார்ச் வரைக்கும் நடந்துச்சு. அப்போ நம்ம முதலமைச்சரா இருந்த ஸ்டாலினும் அங்கே போய் தமிழ்நாட்டு அரங்கைத் திறந்து வெச்சார். 2024-ல மட்டும் அந்த ஊருக்கு 1 கோடியே 87 லட்சம் பேர் வெளிநாட்டுலேர்ந்து வந்து தங்கியிருக்காங்க. வர்றவங்கள்ல இந்தியாக்காரங்க எப்பவும் முன்வரிசையில இருப்பாங்க.

நமக்கு அது ரொம்ப அந்நியமான ஊரும் இல்லை. 1966 வரைக்கும் அங்கே புழங்கினது ரூபாய்தான். திர்ஹாம் வந்தது 1973-ல. 2025-ல ஒரு திர்ஹாம் நம்ம காசுல சுமார் 24 ரூபாயா இருந்துச்சு. அங்கே ஒவ்வொரு செலவையும் ரூபாயாப் பெருக்கிப் பார்த்தா டீ கூட இறங்காது. அதனால பட்ஜெட்டை இங்கேயே திர்ஹாம் கணக்குல போட்டுட்டுப் போயிடுங்க.

பேக்கேஜ்ல பிள்ளைக்கு நேரம் எங்கே?

வழக்கமான அஞ்சு நாள் பேக்கேஜை எடுத்துக்கங்க. முதல் நாள் இறங்கினதும் படகுல ராத்திரி சாப்பாடு. ரெண்டாம் நாள் ஊர் சுற்றல், புர்ஜ் கலீஃபா. மூணாம் நாள் மத்தியானத்துக்கு மேல பாலைவனம். நாலாம் நாள் அபுதாபி. அஞ்சாம் நாள் ஏர்போர்ட். எல்லாம் சாயங்காலத்துல ஆரம்பிச்சு ராத்திரி ஒன்பது, பத்துக்கு முடியுது.

இப்போ உங்க பையனோட நாளைப் பாருங்க. விடியக்காலை கம்பெனி பஸ். சாயங்காலம் ஆறுக்கோ ஏழுக்கோ வேலை முடியும். கேம்ப்புக்குத் திரும்ப ஒரு மணி நேரம். குளிச்சு, சமைச்சுச் சாப்பிட்டா தூங்கற நேரம். அல் கூஸ், சோனாப்பூர், ஜெபல் அலி மாதிரி இடங்கள்ல இருக்கிற கேம்ப்புக்குள்ள அப்பா அம்மா போய்த் தங்கவும் முடியாது. ஆக, ரெண்டு வருஷம் கழிச்சுப் பிள்ளையைப் பார்க்கப் போனவங்க, ஓட்டல் வாசல்ல ரெண்டு தடவை அரை மணி நேரம் பார்த்துட்டு வந்துடுவாங்க. ஒட்டகத்தோட எடுத்த போட்டோ இருக்கும். பையனோட உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு வேளை இருக்காது.

‘அவனே குடும்ப விசா எடுத்துக் கூட்டிக்கக் கூடாதா’ன்னு கேட்பீங்க. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட வெச்சுக்கவே மாசம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேணும், இல்லைன்னா 3,000 திர்ஹாமும் தங்க வீடும் வேணும். கட்டட வேலை, கிளீனிங், டெலிவரியில இருக்கிற நம்ம பிள்ளைகள்ல நிறைய பேருக்கு அந்தச் சம்பளம் கிடையாது. அதனால இந்த டூரிஸ்ட் விசாதான் அவங்க குடும்பத்துக்கு இருக்கிற ஒரே கதவு. அதை வீணடிக்கக் கூடாதுங்கறதுதான் நான் சொல்றது.

இன்னொண்ணு. அங்கே பத்து வருஷம் இருந்தும் புர்ஜ் கலீஃபா மேல ஏறாத ஆளுங்க எத்தனையோ பேர். அந்த டிக்கெட் காசு அவங்களுக்குச் சில நாள் கூலி. ‘அம்மா அப்பா வரும்போது பார்த்துக்கலாம்’னு இருப்பாங்க. அப்போ அவங்களை விட்டுட்டு நீங்க மட்டும் பஸ்ல ஏறிப் போனா எப்படி?

எந்த மாசம் போகலாம்?

நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும்தான் நமக்குச் சரிப்படும். கோடையில வெயில் 45 டிகிரியைத் தாண்டும். ஜூன் 15-லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12.30-லேர்ந்து 3 மணி வரைக்கும் திறந்தவெளியில வேலை வாங்கக் கூடாதுன்னு அங்கே சட்டமே இருக்கு. அந்த நேரத்துல டிக்கெட்டும் ஓட்டலும் சல்லிசாக் கிடைக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீங்க. குளோபல் வில்லேஜ் மாதிரி திறந்தவெளி இடமெல்லாம் கோடையில மூடியே இருக்கும். அக்டோபர் வாக்குல திறந்து மே வரைக்கும்தான். ஷாப்பிங் திருவிழா டிசம்பர், ஜனவரியில.

நம்ம ஊர் விவசாயக் குடும்பத்துக்கு டிசம்பர், ஜனவரி தோதுப்படாது. சம்பா அறுப்பு இருக்கும், பொங்கல் இருக்கும். தை அறுப்பு முடிச்சுட்டு மாசியில கிளம்புறதுதான் சௌகரியம். ஆனா 2026, 2027 ரெண்டு வருஷமும் அந்தச் சமயத்துல ரமலான் நோன்பு வருது. ‘நோன்புல போனா ஒண்ணும் இருக்காது’ன்னு சொல்லுவாங்க. நான் வேற மாதிரி யோசிக்கச் சொல்றேன். நோன்பு மாசத்துல தனியார் கம்பெனிகள்லயும் தினம் ரெண்டு மணி நேரம் வேலை குறைவு. உங்க பையன் எந்த மதமா இருந்தாலும் அந்தக் குறைப்பு அவனுக்கும் உண்டு. ஊர் ராத்திரியில முழிச்சிருக்கும். பகல்ல பொது இடத்துல சாப்பிடறது, தண்ணி குடிக்கிறதை மட்டும் மரியாதைக்காகத் தவிர்த்துடுங்க. பிள்ளையைப் பார்க்கத்தான் போறீங்கன்னா அது கெட்ட மாசம் இல்லை.

வார லீவு பலருக்கு ஞாயிற்றுக்கிழமை. கடை, ஓட்டல்ல வேலைன்னா கிழமை மாறும். அதைக் கேட்டுட்டு, குறைஞ்சது ரெண்டு லீவு நாள் உள்ள வர்ற மாதிரி டிக்கெட் போடுங்க. அஞ்சு நாளுக்குப் பதிலா எட்டு, ஒன்பது நாள். டூரிஸ்ட் விசா 30 நாளுக்கோ 60 நாளுக்கோ கிடைக்குது. அஞ்சு நாள்ல திரும்பணும்னு விசா சொல்லலை, பேக்கேஜ்தான் சொல்லுது. ஆனா விசா தேதியைத் தாண்டினா ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம்.

அவரோட லீவு நாள்ல என்ன செய்யலாம்?

காலையில தேராவுலேர்ந்து பர் துபாய்க்குக் கடல் கழியில மரப் படகு ஓடும். ‘அப்ரா’ன்னு பேர். ஒரு திர்ஹாம். அந்த ஊர் பொறந்ததே அந்தக் கழி ஓரம்தான். அல் ஃபஹீதின்னு பழைய தெருக்கள் இருக்கு. சும்மா நடந்து பார்க்கக் காசு கிடையாது. மத்தியானம் கராமாவுல நம்ம சாப்பாடு. சாயங்காலம் மெட்ரோ ஏறி துபாய் மால் போனா, வெளியில தண்ணி நடனம். அதுக்கும் காசு கிடையாது. புர்ஜ் கலீஃபாவைக் கீழே நின்னு அண்ணாந்து பார்க்கவும் காசு கிடையாது. மேலே போகணும்னா 124-ஆவது மாடி டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்க, பையனுக்கும் சேர்த்து. சூரியன் சாயற நேரத்துக்கு விலை கூட, காலையில குறைவு.

குளோபல் வில்லேஜுக்கு ஆளுக்கு 25, 30 திர்ஹாம் அளவுல டிக்கெட். நம்ம ஊர்த் திருவிழாக் கடைவீதியை நூறு மடங்கு பெருசாக்கின மாதிரி இருக்கும். ராத்திரி வரைக்கும் குடும்பமா நடக்கலாம். அபுதாபியில ஷேக் சையத் மசூதி, 2024 பிப்ரவரியில திறந்த சுவாமி நாராயண் கோயில், ரெண்டுமே இலவசம். ஆனா முன்பதிவு வேணும். மசூதியில பெண்கள் தலையை மூடி, கை கால் மறைய உடுத்தணும். கோயில் ஜெபல் அலியிலயும் இருக்கு.

அவர் வேலைக்குப் போற நாள்ல பாலைவன சவாரியை வெச்சுக்கங்க. ஆனா மணல் மேட்டுல வண்டி ஏறி இறங்கறது சாதாரணக் குலுக்கல் இல்லை. முதுகு வலி, இதய நோய் உள்ளவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க அதை விட்டுட்டு முகாமுக்கு நேரா போற வண்டியைக் கேளுங்க.

பெட்டியில என்ன வைக்கலாம், வைக்கக் கூடாது?

வறுத்த மல்லாட்டை, ஊறுகாய், முறுக்கு எடுத்துட்டுப் போங்க. கசகசாவை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. நம்ம வீட்டுல குருமாவுக்குப் போடுற அதே கசகசாதான். அங்கே அது தடை செஞ்ச போதைப்பொருள் கணக்குல வருது. அரைச்சு மசாலாவுல கலந்திருந்தாலும் வேண்டாம். டிரமடால், கோடீன் சேர்ந்த வலி மாத்திரை, இருமல் மருந்தும் கட்டுப்பாட்டுல இருக்கு. முன் அனுமதி வாங்காம கொண்டு போகக் கூடாது. மத்த மாத்திரைக்கு டாக்டர் சீட்டைக் கையிலேயே வைங்க. வேற யாராவது ‘என் பையனுக்குக் குடுத்துடுங்க’ன்னு பொட்டலம் தந்தா, பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கணும். கூச்சப்படாதீங்க.

மெட்ரோவுல சாப்பிட்டா, தண்ணி குடிச்சா கூட அபராதம். வெத்தலை போட்டுத் துப்பற பழக்கம் உள்ளவங்க பத்து நாளைக்கு நிறுத்திக்கங்க.

தங்கம். ‘துபாய்ல சல்லிசு, நாலு பவுன் வாங்கிட்டு வந்தா டிக்கெட் காசு வந்துடும்’னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் நகைச் சலுகை இருக்கறது உண்மை. ஆனா அது ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல தங்கியிருந்து திரும்பறவங்களுக்கு மட்டும். பத்து நாள் டூர் போனவங்களுக்கு இல்லை. இங்கேர்ந்து போட்டுட்டுப் போற நகையையும் குறைச்சுக்கங்க. பில்லும் போட்டோவும் கையில இருந்தா திரும்பும்போது கேள்வி வராது.

டூர் விசாவுல வேலைக்குப் போறது

கடைசியா, இதுதான் முக்கியம். ‘இப்போ டூரிஸ்ட் விசாவுல போ, அங்கே போனதும் வேலை விசாவா மாத்திக் குடுத்துடறோம்’னு சொல்ற ஆளுங்க நம்ம ஊர்லயும் சுத்துறாங்க. லட்சக்கணக்குல வாங்கறாங்க. டூரிஸ்ட் விசாவுல வேலை செய்யறது அங்கே சட்ட விரோதம். அப்படி வேலைக்கு வெச்சுக்கிற கம்பெனிக்கு 2024-லேர்ந்து அபராதம் ஒரு லட்சம் திர்ஹாம்லேர்ந்து பத்து லட்சம் திர்ஹாம் வரைக்கும். அப்புறம் நல்ல கம்பெனி யார் வெச்சுக்குவா? வெச்சுக்கிறவன் சம்பளம் குடுக்கலைன்னா புகார் சொல்லவும் பையன் பயப்படுவான், ஏன்னா அவன்கிட்ட வேலை விசாவே இல்லை. தினம் 50 திர்ஹாம் வேற ஏறிட்டே இருக்கும்.

வேலைக்குன்னா முறைப்படி போங்க. ஏஜெண்டுக்கு மத்திய அரசு பதிவு இருக்கான்னு இ-மைக்ரேட் இணையதளத்துல பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக் கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். சந்தேகம்னா சென்னையில குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கு. சுற்றிப் பார்க்கிற விசா சுற்றிப் பார்க்க மட்டும்தான்.

பெருமுக்கல் மலையில ஏற நமக்கு டிக்கெட் கிடையாது. மேலே முக்தியாலீஸ்வரர் கோயிலையும், பாறையில ஆதி மனுஷன் கீறின உருவங்களையும் எப்ப வேணாலும் பார்க்கலாம். துபாய் அப்படி இல்லை. அங்கே பார்க்கிற ஒவ்வொண்ணுக்கும் நேரம் உண்டு, நிறைய இடத்துக்கு விலையும் உண்டு. அந்தக் கட்டடங்களைக் கட்டின, துடைக்கிற கைகள்ல நம்ம வீட்டுப் பிள்ளைகளோட கையும் இருக்கு. ஒரு நாளாவது அவங்க வேலை உடுப்பைக் கழட்டி வெச்சுட்டு, அப்பா அம்மாவோட டிக்கெட் எடுத்து உள்ளே வரட்டும். அதுக்கு உங்க பயணத்துல இடம் விட்டு டிக்கெட் போடுங்க.

அடுத்த எபிசோடுல, முதல் தடவை பாஸ்போர்ட் எடுக்கிற பெரியவங்களுக்குப் பிறப்புச் சான்றும் பேர்ப் பிழையும் குடுக்கிற தொல்லையைப் பத்திப் பேசலாம். கேள்வி இருந்தா அனுப்பி வைங்க.