அருணாசலப் பாறைகளில் நீர்க்கரடிகள்



அக்னித் தலமாகிய திருவண்ணாமலையில் நீர்க்கரடிகளைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். எட்டுக் கால்களுடன், பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டாத இந்த உயிரி வெயிலை எப்படித் தாங்குகிறது என்பதே இம்மலையில் நாம் தொடங்கவேண்டிய கணக்கெடுப்பின் மையக் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஜேம்ஸ் மர்ரே சிக்கிம் இமயமலையின் நீர்க்கரடிகளை 1907-இலேயே பதிவு செய்தார். அண்மையில் நம் மண்டபம் கடற்கரையில் இரண்டு புதிய இனங்களைக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து, ஒன்றுக்கு அப்துல் கலாமின் பெயரையும் மற்றொன்றுக்குச் சந்திரயானின் பெயரையும் சூட்டினார்கள். கடல் மணலுக்குக் கிடைத்த அந்தக் கவனம் நம் வறண்ட மலைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

நீர்க்கரடியைச் சாகாவரம் பெற்றதாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அண்டார்டிகாவில் 1983-இல் எடுத்து உறைநிலையில் வைத்திருந்த பாசியிலிருந்து 2014-இல் உயிர்த்தெழுந்த நீர்க்கரடி முட்டையும் இட்டது உண்மைதான். ஆனால் 2020-இல் வெளியான டென்மார்க் ஆய்வு வேறொன்றையும் காட்டியது. அந்த ஆய்வாளர்கள் சோதித்த இனத்தில், நடமாடும் நிலையில் இருந்தவற்றை 37.1 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைத்தபோது பாதி மடிந்தன. நீரிழந்து சுருண்டு கிடந்தவற்றில் பாதி மடிய 63.1 டிகிரி தேவைப்பட்டது.

நம் மலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கத்திரி வெயிலில் உலர்ந்து கிடக்கும் வரை அவற்றுக்குப் பெரிய ஆபத்தில்லை. நடுவில் ஒரு கோடை மழை பெய்து, அவை வாழும் பாசி நனைந்து, அவை விழித்துக்கொண்டபின் மறுநாள் வெயில் ஏறினால்? வறட்சியைவிட அந்த மழையே அவற்றுக்குக் கேடாகலாம். இதைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் வேண்டுமா?

ஆகவே வெறும் இனப்பட்டியல் போதாது. ஸ்கந்தாசிரமப் பக்கத்து நிழல், மொட்டைப் பாறை, தன்னார்வலர்கள் மரம் நட்டு மீட்ட சரிவு ஆகிய மூன்றிலும் கோடை மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்க வேண்டும். பாறையின் வெப்பத்தையும் உடனே குறிக்க வேண்டும்.

செலவு அதிகமில்லை. கட்டைவிரல் நகமளவு பாசி போதும். முழுத் திட்டையும் சுரண்டாதீர்கள், அது மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும். பாலிதீன் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். காகித உறையே நல்லது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வண்டலை நுண்ணோக்கியில் பாருங்கள். முதலில் நூற்புழுக்கள் துள்ளும். பொறுமையாகத் தேடினால், நகங்களால் மண்துகளைப் பற்றியபடி நிதானமாக நடக்கும் ஓர் உடல் தென்படும். பார்த்தவுடன் பெயர் வைத்துவிடக் கூடாது. நகம், வாய்க்குழல் இரண்டையும் பார்க்க வேண்டும். பல இனங்களில் முட்டையோட்டின் முட்கள்தான் தீர்ப்புச் சொல்லும். முட்டைகளைக் கழுவி வீசிவிடாதீர்கள்.

இந்த மாவட்டத்துக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வனத்துறை அனுமதிக்கான விண்ணப்பத்தை இந்தக் கருத்தரங்கு முடிவதற்குள் கூட்டாக எழுதிக் கையொப்பமிடுங்கள். வரும் கோடைக்குள் முதல் மாதிரிகளை எடுத்துவிட வேண்டும்.