மெல்லிய சப்பாத்துக்கு என்ன அவசரம்?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் அபேபே பிகிலாவை அழைத்து வந்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு வென்றவர், மறுப்பில்லை. 1964இல் தோக்கியோவில் அவரே சப்பாத்து போட்டுத்தானே வென்றார்? அதை ஏன் விட்டுவிட்டார்!

தாசேக் கெலுகோரில் பால்மரம் வெட்டிய தாத்தாவின் பாதம் வெறுங்காலிலேயே உரமேறியது. பேரனின் பாதமோ மெத்தைச் சப்பாத்துக்குள் வளர்ந்தது. பினாங்குப் பால மாரத்தானுக்காக அவன் திடீரென்று மெல்லிய அடியுள்ள சப்பாத்துக்குத் தாவலாமா?

2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஐவிரல் சப்பாத்துக்கு மாறிய 19 ஓட்டக்காரர்களில் 10 பேருக்குப் பத்தே வாரத்தில் பாத எலும்பு மஜ்ஜையில் வீக்கம் கூடியிருந்தது. இத்தனைக்கும் படிப்படியாக மாறியவர்கள்!

முதலில் வீட்டுக்குள் போட்டு நடக்கட்டும். பிறகு ஓட்டத்தில் சில நிமிடம் மட்டும். பாதத்தின் மேல்பக்கம் வலித்தால் அன்றே நிறுத்தட்டும்.