மருத்துவமனையும் சமூக ஊடகமும்

(அலுவலர்களும் முதுகலை மாணவர்களும் பங்கேற்ற பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



பொது மருத்துவ நிலையங்களின் பணிகளைச் சமூக ஊடகங்கள் வாயிலாக மக்களிடம் கொண்டு செல்வது எவ்வாறு என்பதே எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். நான் மருத்துவன் அல்லன், பொருளாதாரம் பயின்றவன். எந்தச் செலவைக் கண்டாலும் அதனால் விளைந்த பயன் யாது என்று கேட்கும் பழக்கம் என்னைவிட்டு நீங்கவில்லை.

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. வேளாண்மை, உடல்நலம், குடும்ப நலம் ஆகியவை அவற்றில் இடம்பெற்றன. ஊர்ப் பொதுவிடத்தில் வைக்கப்பட்ட பெட்டியின் முன் மக்கள் மாலையில் கூடினர். அது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் திரையில் தோன்றியவரிடம், காய்ச்சல் கண்டுள்ள என் குழந்தைக்கு இன்று ஊசி போடலாமா என்று ஒரு தாய் கேட்டிருக்க இயலாது. அவ்வாறு கேட்க இயலும் என்பதே இன்றைய ஊடகத்தின் தனித்தன்மை. நம் நிலையங்களில் பல அதைத்தான் பயன்படுத்தாமல் விடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வுப் பணிக்காக ஒரு மாவட்ட மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். அதன் முகநூல் பக்கத்தை அலுவலர்கள் பெருமிதத்துடன் காட்டினர். திறப்பு விழா, பொன்னாடை, குத்துவிளக்கு எனப் படங்கள் நிறைந்திருந்தன. விருப்பக் குறிகளும் குறைவில்லை. ஒரு படத்தின் கீழே ஒருவர், ஞாயிற்றுக்கிழமை நாய்க்கடித் தடுப்பூசி போடுவார்களா என்று கேட்டிருந்தார். பதினொரு நாள்களாகியும் விடை இல்லை. வெறிநாய்க்கடி நோய் அறிகுறிகள் தோன்றிய பின் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறிப்பது. உரிய காலத்தில் ஊசி போட்டால் தடுக்கக்கூடியது. கேட்டவர் என்ன செய்தார் என்பதை அந்தப் பக்கத்திலிருந்து அறிய முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அங்கு ஊசி போடப்பட்டு வந்தது என்பதைப் பின்னர் பதிவேட்டில் கண்டேன். ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

நாம் பேசாத இடத்தில் வேறு யாரேனும் பேசிவிடுவர். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவு ஆகியவற்றில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஊசி போடுவது திட்டம். தடுப்பூசிப் பணியில் முன்னணியில் இருந்துவந்த தமிழ்நாட்டிலேயே வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். இயக்கத்தை மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்க நேர்ந்தது. மறுப்பு அறிக்கைகள் வெளிவரத்தான் செய்தன. ஆனால் வதந்தி உறவினர் குரலில் வந்தது. மறுப்போ அலுவலக நடையில் வந்தது. எவருக்கு எவரிடம் நம்பிக்கை என்பதைக் கணக்கில் கொள்ளாத விளம்பரச் செலவு வீண் செலவே.

மாறாக, 2020 மார்ச்சில் கொரோனா குறித்த ஐயங்களுக்கு விடையளிக்க மத்திய அரசு ஒரு வாட்ஸ்அப் எண்ணை அறிவித்தது. 2021 ஆகஸ்டு முதல் அதே எண்ணில் தடுப்பூசிச் சான்றிதழும் கிடைத்தது. மக்கள் அதை நாடியதற்குக் காரணம் படங்கள் அல்ல. கேட்டது கையில் வந்தது.

இனி, யாரைச் சென்றடைகிறோம் என்ற கேள்வி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1 விழுக்காடு. அதன்பின் இந்நிலை மாறியிருக்கலாம். இடைவெளி முற்றும் மறைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. தாய் சேய் நலச் செய்தியை முகநூலில் மட்டும் வெளியிட்டால் அது கணவன் கையிலேயே நின்றுவிடலாம். கருவுற்ற மகளிருக்கு வாரந்தோறும் குரல்வழிச் செய்தி அனுப்பும் ‘கில்காரி’ திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. அதற்குச் சாதாரணத் தொலைபேசியே போதும். எழுத்தறியாதவரும் கேட்கலாம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட பல நோய்களைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நோயாளிகளைத் தேடி அழைப்பது மருத்துவருக்குத் தகாது என்கின்றன 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள். சமூக ஊடகத்திற்கென நெறிமுறைகளைச் சேர்த்து 2023 ஆகஸ்டில் வெளியான புதிய விதிகள் அம்மாதமே நிறுத்தி வைக்கப்பட்டன. எவ்வாறாயினும், படுக்கையில் கிடக்கும் நோயாளியின் முகத்தை அவர் மனமொப்பிய இசைவின்றி வெளியிடுவதை எந்த விதியும் இல்லாமலேயே நாம் தவிர்த்திருக்க வேண்டும். இலவச மருத்துவம் பெறுபவர் இசைவு தர மறுக்கத் துணிவாரா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

முன்பு சொன்ன மருத்துவமனையில், காலை எட்டு மணிக்கு அன்று இயங்கும் பிரிவுகளையும் இருப்பிலுள்ள தடுப்பூசிகளையும் பதிவிடுங்கள், நாளுக்கு இருமுறை கேள்விகளுக்கு விடை எழுதுங்கள் என்று குறிப்பு எழுதி வந்தேன். அதற்கெனப் பணியிடம் இல்லை என்று பதில் வந்தது. மருந்தாளுநர் ஒருவருக்குச் சிறு படி வழங்கலாம் என்று மறுபடி எழுதினேன். விழாப் படங்களுக்குச் செலவான தொகையைவிட அது குறைவு என்பதையும் கணக்கிட்டுக் காட்டியிருந்தேன். அக்கோப்பு நிதிப் பிரிவுக்குச் சென்றுள்ளது.