உண்டபின் உதிரத்தில் நிகழ்வது
(வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

சைவ உணவு உண்போரை இருதய நோய் எளிதில் அணுகாது என்ற எண்ணம் நம்மிற் பலருக்கு உண்டு. ஆனால் மாமிசம் நீங்கிய இலையிலே நெய்யும், முதற்பாற் கறிகளும், வடையும், அப்பளமும், பொரியலும் நிறைந்திருந்தால் அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும்? தென்னாசிய மக்களை முதல் மாரடைப்பு ஏனையோரிலும் ஐந்தாறு ஆண்டுகள் முந்தித் தாக்குகிறது என 2007இல் வெளியான, இலங்கையையும் உள்ளடக்கிய ஆய்வொன்று காட்டியது. ஆதலால் இதனை ஆராய்வது நம் கடமையாகிறது.

நாம் உண்ணும் கொழுப்பு நீரிற் கரையாதது. சிறுகுடலிலே பித்தநீர் அதனை நுண்துளிகளாக்க, சதையச் சாறு அதனைச் சமிக்கச் செய்கிறது. குடற்சுவர் அதனை மீண்டும் கொழுப்பாக்கி, புரதம் போர்த்த சிறு பொதிகளாகக் கட்டுகிறது. கைலோமைக்கிரன் என்பது இப்பொதிகளின் பெயர். இவை நேரே ஈரலுக்குச் செல்லாமல், நிணநீர் வழியாகச் சென்று கழுத்தடியிலே இரத்தத்திற் கலக்கின்றன. கொழுப்பு மிகுந்த விருந்தின் பின் மூன்று நான்கு மணி நேரத்தில் இரத்தத்தின் திரைகிளிசரைட்டு உச்சத்தை அடையும். அது தணிய ஆறு முதல் எட்டு மணி நேரமாகலாம். அது தணியுமுன் மாலைத் தேநீருடன் வடையும், அதன்மேல் இராச் சாப்பாடும் வந்து சேர்ந்தால், இரத்தம் தெளிவதற்கு வேளை ஏது?

தசைகள் கொழுப்பை எடுத்துக்கொண்டபின் எஞ்சும் சிறு பொதிகளிலே கொலஸ்ரோல் செறிந்திருக்கும். இவை நாடியின் உட்சுவரிற் புகுந்து தங்கவல்லன. நாடித்தடிப்பு உணவுக்குப் பிந்திய வேளைகளிலே வளர்கிறது என்னுங் கருத்தை 1979இல் சில்வர்ஸ்மிட் என்ற அமெரிக்க விஞ்ஞானி வெளியிட்டார். 1997இல் வோகல் என்பவரும் அவர் கூட்டத்தினரும் சுகதேகிகள் பத்துப் பேருக்கு 50 கிராம் கொழுப்புள்ள உணவொன்றைக் கொடுத்தனர். கை நாடியின் விரியும் ஆற்றல் சில மணி நேரம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. அதே சக்தியளவுள்ள கொழுப்பற்ற உணவின் பின் அவ்வாறு குறையவில்லை. அது சிறியதோர் ஆய்வே. பிந்திய ஆய்வுகளின் முடிவுகள் யாவும் ஒரே அளவின அல்ல. ஆயினும் நமக்கு அது நல்ல எச்சரிக்கை.

விரதமிருந்து கொடுக்கும் இரத்தத்தில் குற்றமில்லையென்று கண்டு நாம் ஆறுதலடைகிறோம். ஆனால் நாளின் பெரும்பகுதியை நாம் உண்ட நிலையிலேயே கழிக்கிறோம். ஆகவேதான் 2016இல் ஐரோப்பிய நிபுணர்கள், சாதாரண கொழுப்புப் பரிசோதனைக்கு உண்ணாதிருத்தல் கட்டாயமன்று எனக் கூறினர். எனினும் வைத்தியர் வெறுவயிற்றுடன் வரச் சொன்னால் அவர் சொற்படியே நடத்தல் வேண்டும்.

அப்படியாயின் கொழுப்பை முற்றாக விலக்குவதா? அன்று. அளவையும் வகையையும் அறிதலே வேண்டும். தேங்காயெண்ணெயின் கொழுப்பிற் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பு. தீய கொலஸ்ரோலை அது உயர்த்துகிறது. நல்லெண்ணெயில் நிரம்பாத கொழுப்பே மிகுதி. ஆனால் எந்த எண்ணெயும் அளவு மிஞ்சினால் உண்டபின் இரத்தத்தில் கொழுப்பேறவே செய்யும். உண்பதற்கு முந்திய நாளிலோ அன்று காலையிலோ விரைந்து நடப்பது இவ்வேற்றத்தைக் குறைக்கும் என்பது பல ஆய்வுகளிற் கண்ட உண்மை.

வாலிப அன்பர்களே, பூசைக்கு வாகனத்தில் வராமல் நடந்து வாருங்கள். நமது அன்னதானத்தில் பொரித்தவை ஒன்றுடன் நிற்கட்டும். கீரையும் பருப்பும் பெருகட்டும். பெரியோர்களே, “இன்னுங் கொஞ்சம்” என்று இலையில் இடுவது நம்முடைய அன்பின் வழக்கம். போதுமென்று கைமறிப்பவரை வற்புறுத்தாமல் விடுவதும் அன்பேயாகும். உடம்பை இறைவன் உறையுங் கோயிலாகக் கண்டவர் திருமூலர். அக்கோயிலின் வாய்க்கால்களைத் தூர்ந்துபோக விடாமற் காப்போமாக.