பழைய லாக் ஃபைல்களை என்ன செய்வது?

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம், "உங்க தொழிலைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். யூனிக்ஸ், லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் சேரும் பழைய லாக் ஃபைல்களைப் பற்றிப் பேசப் போகிறேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைக்க வேண்டாம். இதனால் ஒருவர் வேலையை விட்டுப் போனார். காரணம் நான்.

படிப்பு முடித்து இரண்டாம் வருடம். உக்கடத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போன். "பில் போட முடியலைங்க, லோடு நிக்குதுங்க." போய்ப் பார்த்தால் டிஸ்க் முழுசாக நிரம்பிவிட்டது. யார், எப்போது, எந்த மெஷினில் இருந்து உள்ளே வந்தார் என்று எழுதிவைக்கும் லாக் ஃபைல், முதல் நாளில் இருந்து வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. 'ஆர்எம்' கொடுத்து அழித்தேன். அப்படியும் இடம் வரவில்லை. யூனிக்ஸில் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை அழித்தால் பெயர் மட்டும்தான் போகும். அந்தப் புரோகிராம் மூடும்வரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். பில்லிங் புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். இடம் கிடைத்தது, லோடு கிளம்பியது. முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து, அந்த ராத்திரிக்கு முன்னால் சில பில்களை யாரோ ரத்து செய்திருப்பது தெரிந்தது. நைட் ஷிஃப்ட் ஆபரேட்டரின் பாஸ்வேர்டில் நடந்திருந்தது. அந்த அண்ணன் என்னிடம் வந்து, "தம்பி, எந்த மெஷின்ல இருந்து யாரு வந்தாங்கன்னு எல்லாம் அதுல எழுதியிருக்கும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. எடுத்துக் காட்டுங்க, போதும்" என்றார். எடுத்துக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அழித்தது நான்தான் என்று முதலாளியிடம் சொல்ல எனக்கு நாலு நாள் ஆயிற்று. அதற்குள் அவர் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் செய்தாரா இல்லையா என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்கு நான் பொறுப்பு.

நம்ம உக்கடம் பெரியகுளத்தைப் பாருங்கள். நொய்யல் தண்ணீர் வந்து நிரம்பினால், மிஞ்சியது போக வழி இருக்கிறது. அந்த வழியைக் குளம் நிரம்பிய ராத்திரியில் யாரும் வெட்டவில்லை. முன்கூட்டியே யோசித்து வைத்தார்கள். டிஸ்க்குக்கும் அப்படித்தான் வேண்டும்.

லினக்ஸில் அதற்கு 'லாக்ரொட்டேட்' இருக்கிறது. இன்றைய ஃபைலுக்கு வேறு பெயர் வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும். பழையதை 'ஜிஜிப்' மூலம் சுருக்கும். 1992ல் வெளிவந்த இந்த ஜிஜிப்புக்கு லாக் ஃபைல் நல்ல தீனி. ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருவதால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவது சாதாரணம். சுருக்கியதை விரிக்காமலே 'ஜெட்கிரெப்' போட்டுத் தேடலாம். ஆனால் பெயர் மாற்றிய பிறகும் புரோகிராம் பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும், நான் அழித்த கதைதான். அதற்கு 'புது ஃபைலைத் திற' என்று சிக்னல் கொடுக்க வேண்டும். சுருக்குவதை ஒரு சுற்று தள்ளிப்போடவும் வேண்டும்.

எத்தனை நாள் வைப்பது? பல லினக்ஸ்களில் வாரம் ஒன்று வீதம் நாலு பிரதி என்றுதான் அமைத்து வருகிறது. அதாவது ஒரு மாதம். நம் நாட்டில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று கொடுத்த உத்தரவு, கம்பெனிகளும் அரசு அலுவலகங்களும் லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள் பத்திரமாக வைக்க வேண்டும் என்கிறது. வாரக் கணக்கில் 26 பிரதி வைத்தால் 182 நாள். சைஸ் கணக்கில் சுழற்றினால் கவனம் தேவை. ஏதாவது கோளாறு வந்து லாக் கொட்டுகிற நாளில், ஆறு மாதப் பழசெல்லாம் சில மணி நேரத்தில் வெளியே தள்ளப்பட்டுவிடும். ஒரு பிரதி வேறு மெஷினுக்கும் போகட்டும். உள்ளே புகுந்தவன் முதலில் கை வைப்பது லாக்கில்தான்.

தம்பிகளா, தங்கைகளா, வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே உங்கள் சர்வரின் லாக்ரொட்டேட் ஃபைலைத் திறந்து பாருங்கள். மாற்றினால் 'மைனஸ் டி' போட்டு ஒத்திகை பாருங்கள். எவ்வளவு நாள் வைப்பது என்பதை டிஸ்க் முடிவு செய்ய விடாதீர்கள். நாளைக்கு யாராவது வந்து "எடுத்துக் காட்டுங்க" என்று கேட்டால், உங்களிடம் இருக்க வேண்டும்.