கடலோரத்தில் நமக்கு ஒரு வீடு
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பள்ளியையும் விடுதியையும் பற்றியே இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேசி வந்த இம்மேடையில் இன்று வீட்டைப் பற்றிப் பேசப் பணிக்கப்பட்டுள்ளோம். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவெல்லாம் அனலைக் கக்கும் அறையில் பிள்ளை எவ்வாறு படிக்கும்? ஆகவே இதுவும் கல்விப் பொருளே.

மண், ஓலை என்ற சொற்களைக் கேட்டதும் உங்களிற் பலர் முகஞ்சுளிப்பதைக் காண்கிறோம். சுளிப்பதில் நியாயம் உண்டு. ஓட்டுக்கூரை வேயக் கூடாதென்று நம் முன்னோரைத் தடுத்த ஊர்கள் உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். ஓலைக் குடிசையின் குளிர்ச்சியை வியந்து பாட நம்மால் இயலாது. பாடுகிறவர்கள் பெரும்பாலும் அதிற் குடியிருந்தவர்களும் அல்லர். நாம் கேட்பது நெருப்புக்கு அஞ்சாத, புயலுக்குச் சாயாத, அதே வேளையில் கோடையிலும் குளிர்ந்திருக்கும் வீடு.

அதற்குக் கான்கிரீட் தளமே விடை என்று நம்பினோம். கடற்கரையில் அந்த நம்பிக்கை பொய்த்தது. உப்புக்காற்றும் ஈரமும் தளத்தினுள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு ஏறிய கம்பி பருக்கும். பருத்ததும் மேலுள்ள காரை வெடித்து உதிரும். கடல்மணலைக் கலந்து கட்டினால் கேடு இன்னும் விரைவில் வரும். நம் தொகுப்பு வீடுகள் பலவற்றில் படுத்தபடியே கம்பியை எண்ணலாம்.

சுவரை முதலில் எடுத்துக்கொள்வோம். சிமெண்டு செய்யச் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை வெப்பம் வேண்டும். சுண்ணாம்புக்கு 900 பாகை அளவே போதும். நம் கரையிலேயே கிளிஞ்சல் கிடைக்கிறது. அதைச் சுட்டு, நீற்றி, மணலுடன் அரைத்த சாந்து சுவரின் ஈரத்தை வெளியேற விடும். மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு சேர்த்து அழுத்திய கற்களுக்குச் சூளையே வேண்டியதில்லை. ஆனால் அவற்றை வெள்ளம் எட்டாத கருங்கல் அடித்தளத்தின்மேல்தான் அடுக்க வேண்டும்.

கேரளத்தில் வாழ்ந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) எலிப்பொறிக் கட்டு என்ற முறையைப் பரப்பினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்திட்டு நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது அது. காற்பங்கு செங்கல் மிச்சம். நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். கொத்தனார் பழகாத வேலை என்று முணுமுணுப்பார். இரண்டு நாளில் பழகிவிடுவார்.

கூரைக்கு வைரம் பாய்ந்த பனங்கையும் ஓடும் பொருந்தும். இங்கேதான் கவனம் மிக வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயல் எத்தனை கூரைகளைப் பெயர்த்தது என்பதை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டீர்கள். காற்று கூரையை அமுக்குவதைவிட மேலே தூக்கவே முனைகிறது. ஆகவே இருபுறச் சரிவைவிட நாற்புறச் சரிவுக் கூரை மேலானது. சரிவு 30 பாகை அளவு இருக்கட்டும். பனங்கையைச் சுவரின்மேல் வெறுமனே வைக்காமல், சுவர்த்தலையில் ஓடும் கட்டோடு இறுகப் பிணைக்க வேண்டும். ஓடுகள் பறக்காதபடி ஓரங்களிற் சாந்து பூசுக. நீண்டு தொங்கும் இறவாரம் மழைக்கு நல்லது, புயலுக்குத் தீது. திண்ணைக் கூரையைத் தனியே அமைத்துவிட்டால், அது போனாலும் வீடு நிற்கும்.

நம் கரையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். கிழக்கில் தாழ்வாகச் சாளரமும் மேற்குச் சுவரில் உயரத்தில் திறப்பும் வைத்தால் மின்விசிறியின் வேலை பாதியாகும். மேல்வெயில் படும் பக்கத்தில் படுக்கை வேண்டாம், பண்டங்களை வைத்துக்கொள்ளலாம்.

அடுக்களையைப் பற்றி வரைபடம் போடுகிறவர்கள் பெண்களைக் கேட்பதில்லை. காற்று வரும் திசையில் அடுப்பை வைத்துவிட்டு, வீடெங்கும் புகை என்று பின்னர் வருந்துகிறோம். மனைக்குப் பட்டா கிடைத்ததும் முதற்கோடு இழுப்பதற்கு முன்னர், தாய்மார்களே, அடுப்பங்கரை எங்கே என்பதை நீங்களே தரையிற் கோடு கிழித்துக் காட்டுங்கள்.