304023-க்கு நீளம் எத்தனை?

முதலில் ஒரு கேள்வி. 304023 என்ற எண்ணின் நீளம் எத்தனை?

ஆறு இலக்கம், ஆகவே ஆறு என்பீர்கள். பைதான் என்ற கணினி மொழியிடம் கேட்டால் முரண்டு பிடிக்கும். எண்ணுக்கு நீளம் கிடையாது என்று பிழைச் செய்தியைத் திரையில் கொட்டும்.

ஜாங்கோ கேர்ள்ஸ் பயிலரங்குகளின் பாடத்தில் இந்தக் கேள்வியைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். ஓலா சிதார்ஸ்கா, ஓலா செண்டெட்ஸ்கா என்ற இரு போலந்துப் பெண்கள், 2014 ஜூலையில் பெர்லினில் யூரோபைதான் மாநாட்டை ஒட்டி முதல் பயிலரங்கை நடத்தினார்கள். நிரல் எழுதிப் பழகாத பெண்களுக்கானது அது. பாடத்தில் முதல் கணக்கு 2 கூட்டல் 3. பிறகு ஒரு பெயரைத் தட்டினால் கணினி அதைப் பெரிய எழுத்தில் திருப்பித் தருகிறது. கொஞ்சம் துணிச்சல் வந்ததும் 304023!

கவனியுங்கள், அங்கேதான் இருக்கிறது சாமர்த்தியம். தனக்கு மட்டும் பிழை வந்தால், 'நமக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று கை தானாகப் பின்வாங்கும். பக்கத்தில் இருப்பவருக்கும் எதிரில் இருப்பவருக்கும் அதே பிழை வந்தால் சிரிப்புதான் வரும். மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர் என்பது இவர்கள் வைத்திருக்கும் அளவு. கட்டணம் இல்லை. அன்றைக்கே சின்னதாக ஒரு வலைப்பதிவைக் கட்டி இணையத்தில் ஏற்றிவிட வேண்டும், அதுதான் இலக்கு.

பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு நிரல் கற்பிக்கும் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரியில் இன்னொரு பழக்கம் உண்டு: கற்பவரின் விசைப்பலகையைப் பயிற்றுநர் தொடக்கூடாது. சொல்லித் தருகிறேன் என்று வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொள்பவரிடம் யாராவது சமையல் கற்றதுண்டா? உதவி வேண்டுமென்றால் கையைத் தூக்கவும் வேண்டாம். மடிக்கணினியின் மேல் ஒரு வண்ணச் சீட்டை ஒட்டினால் போதும், ஆள் வந்துவிடுவார்.

கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி தன் முதலாண்டு நிரல் வகுப்பையே, புதியவர்கள் பின்வாங்காமல் கற்கும்படி திருத்தியது. 2006 வாக்கில் ஜாவா மொழிக்குப் பதில் பைதான் வந்தது. ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவர்களும் புதியவர்களும் தனித்தனிப் பிரிவானார்கள். வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் மாணவரை ஆசிரியர் தனியே அழைத்து, 'உன் ஆர்வம் பிடித்திருக்கிறது, ஆனால் மற்றவர்கள் மிரள்கிறார்கள், நாம் தனியாகப் பேசலாம்' என்ற விதமாகப் பக்குவமாகச் சொல்லிவிடுவார். கணினித் துறை மாணவர்களில் பத்தில் ஒருவர் அளவில் இருந்த பெண்கள், சில ஆண்டுகளில் பத்தில் நால்வர் ஆனார்கள். மாணவிகளை மாநாடுகளுக்கு அழைத்துப் போனது, கோடையில் ஆய்வுப் பணி கொடுத்தது எல்லாமும் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனாலும் அந்தத் தனிப்பேச்சுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

கடிகாரம் துரத்துகிறது, ஆர் என்ற கணினி மொழியைக் கற்பிக்கும் ஆர்-லேடீஸ் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கேப்ரியேலா டி கெய்ரோஸ் தொடங்கியது. 'லேடீஸ்' என்று பெயர் இருந்தாலும் திருநங்கையர், திருநம்பியர், இரு பாலிலும் அடங்காதோர் எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. அந்த ஆர் மொழி பிறந்ததே ஒரு பல்கலைக்கழகத்தில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில்.

உங்கள் கல்லூரியில் யாராவது இப்படி ஒரு நாள் பயிலரங்கு நடத்துவார்கள் என்று நம்புகிறோம். ஜாங்கோ கேர்ள்ஸ் பாடம் முழுவதும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 304023-உம் அதில் இருக்கிறது.